மேல்தாடை, இடப்பக்கம்

சட்பரியில், எல்ம் தெருவில்,
மருந்துக்கடைக்கு மேல்மாடியில் பல் செய்கிறேன்.
வாய்களை நான் பார்ப்பதில்லை.
மருத்துவர் எடுத்த அச்சுகள் மட்டும் வரும்,
ஈரம் காயாமல், பெயர் ஒட்டி.

தெரோஷே, ரெமி. அசில்டாக்காரன். வயது பத்தொன்பது.
அந்த முதல் அச்சில் பிளாஸ்டர் ஊற்றினேன்.
இருபத்தெட்டும் இருந்தன,
ஞானப்பல் இன்னும் முளைக்கவில்லை.
வாய்க்காப்பு ஒன்று, நீல நிறத்தில்.
அவ்வளவுதான் கேட்டிருந்தார்கள்.

இருபத்திரண்டாம் வயதில் அடுத்தது.
மேல்தாடை, இடப்பக்கம், முன்பல் ஒன்று.
காரணம் என்ற கட்டத்தில் ஒரே சொல்: பக்.
கீழே சிகரெட் பிடிக்கும் ஆர்னேயிடம் கேட்டேன்.
கறுப்பு ரப்பர், ஐஸில் உறையவைத்தது,
நெடுஞ்சாலைக் காரை முந்தும் என்றான்.
கோல்காப்பாளன் முகத்துக்குக் கூண்டு உண்டு.
இவன் அவனுக்கு முன்னால் விழுந்து படுக்கிறவன்.
எதற்குப் படுக்க வேணும்?
அதற்குத்தான் சம்பளம்.

கோடையில்தான் ஊருக்கு வருவான்,
குளிர்காலத்தில் இழந்ததை எடுத்துக்கொண்டு.
காசோலை ஒவ்வொரு முறையும் வேறு ஊரின் பெயரில்:
பியோரியா, செயின்ட் ஜான்ஸ், பியோரியா மறுபடி,
பிறகு நான் வரைபடத்தில் தேடிய ஓர் ஊர்.
மாற்றிக்கொள்கிறார்களாம் ஆட்களை,
ஒருமுறை இவனுக்குப் பதிலாக
இன்னும் பிறக்காத ஒரு தேர்வுரிமையை.

இருபத்தாறில், ஒரு ஜனவரி, அவசரம் என்று தொலைபேசி.
பெரிய லீக் கூப்பிட்டுவிட்டது,
தொலைக்காட்சியில் வருவான், பல் வேணும்.
விடியும்வரை இருந்தேன்.
பீங்கானை ஏழு படலமாக ஏற்றினேன்,
நுனியில் கொஞ்சம் நீலம், கழுத்தில் கொஞ்சம் தேநீர்,
பக்கத்துப் பல்லே ஏமாறும்படி.
மூன்று ஆட்டம்.
பதினொரு நிமிடம். ஒன்பது. நான்கு.
பிறகு பியோரியா.
பெரிய திரையில் அவன் வாய் திறந்தபோது அதே ஓட்டை.
நான் செய்த பல் அந்நேரம்
உடைமாற்றும் அறையில், ஒரு காகிதக் குவளையில்
இருந்ததாம். ஆடும்போது கழற்றிவிடுவார்களாம்.
இதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

ஒரே ஒரு முறை நேரில் பார்த்தேன்,
தங்கை வீட்டுக்கு டொரோண்டோ போயிருந்தபோது.
எல்லாரும் பக்கைப் பார்த்தார்கள்.
நான் இவனைப் பார்த்தேன்.
இரவு முழுக்கப் பின்னோக்கியே சறுக்கினான்,
வருகிறவனின் நெஞ்சில் கண் வைத்து,
போகுமிடத்தை முதுகிடம் விட்டுவிட்டு.
அவன் சரியாகச் செய்தால் எதுவும் நடக்காது.
எதுவும் நடக்காததற்கு
ஆர் எழும்பி நின்று கைதட்டுவது?
தங்கை கேட்டாள்: உன்ர ஆள் எது?
காட்டுவதற்குள் மாற்றி உட்காரவைத்துவிட்டார்கள்.

பதினான்கு பருவம், எழுநூற்று முப்பத்தொரு ஆட்டம்,
பத்தொன்பது கோல்.
தன் வலைக்குள்ளேயே தட்டிவிட்டது ஒன்று,
அதை அவன் கணக்கில் எழுதமாட்டார்களாம்.
நான் எழுதிக்கொண்டேன். இருபது.

இந்த ஆகஸ்டில் படியேறி அவனே வந்தான்.
பெயர் ஒட்டாமல் வந்த முதல் வாய்.
அலமாரியில் ஏழு வார்ப்புகள் வரிசையாக.
பத்து வருடம் போனால் எறியலாம் என்பது விதி,
நான் எறியவில்லை.
முதலாவதை எடுத்து, கட்டைவிரலால் பல் பல்லாகத் தடவி,
இது ஆர் என்றான்.
விளையாட்டுக்குக் கேட்டான் என்று நினைத்தேன்.
இல்லை.

ஜூனோடு கிளப்பின் காப்புறுதி முடிந்திருந்தது.
விலை சொன்னேன். தலையாட்டினான்.
அழகுக்கு வேண்டாம், என்றான்,
சோளப்பொத்தியை முன்பல்லால் கடிக்கணும்,
இந்தச் சோளம் முடிவதற்குள்.
செய்யலாம், என்றேன். செப்டெம்பர் ஆகிவிடும், என்றும்.

கிளம்பினான்.
முழங்கால் மடங்காததால்
கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு,
என்னைப் பார்த்தபடியே
ஒவ்வொரு படியாக
பின்னோக்கி இறங்கினான்.